பணியிடப் பிணக்கும் முதலாளியின் கடமையும்

நம் குடும்பங்களில் பயிர்த்தொழிலும் ஆசிரியப் பணியும் பன்னெடுங்காலமாக இருந்து வருகின்றன. அவற்றோடு நெல் அரைவை ஆலை, துணிக்கடை, மருந்துக்கடை, அச்சகம், தனியார் பள்ளி எனப் பல தொழில்களையும் நம்மவர் நடத்தி வருகின்றனர். நடவுக்கு ஆள் அழைப்பவரும், வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு பெண்மணியை அமர்த்தியிருப்பவரும் ஒரு வகையில் முதலாளிகளே. ஊதியம் கொடுத்து வேலை வாங்கும் பொறுப்பு எவரிடம் உள்ளதோ, அவரை இக்கட்டுரை முதலாளி என்று குறிப்பிடுகிறது.

இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் பிணக்கு வருவது இயல்பு. பிணக்கே இல்லாத பணியிடம் ஒன்று உண்டென்றால், அங்கே எல்லோரும் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று பொருள் கொள்ள முடியாது. வாய் திறக்க அஞ்சுகிறார்கள் என்பதாகவும் இருக்கலாம். ஆகவே பிணக்கு வராமல் தடுப்பது எப்படி என்பதை விட, வந்த பிணக்கு பகையாக முற்றாமல் காப்பது எப்படி என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த நெறிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. அதன்படி, எனக்கு நன்கு தெரிந்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். அது நான் செய்த தவறு.

பள்ளிக்கூடத்தில் நான் கற்ற பாடம்

1990களின் தொடக்கத்தில் நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். அங்கே சத்துணவு மையத்தில் சமையலர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வேலை செய்தனர். உதவியாளர் நாள்தோறும் நேரம் கழித்து வருவதாகச் சமையலர் என்னிடம் முறையிட்டார். இரண்டு நாட்கள் கவனித்தேன். அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. மூன்றாம் நாள், தட்டேந்தி நின்ற பிள்ளைகளின் முன்னிலையிலேயே அந்த உதவியாளரைக் கடிந்து கொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சென்றவர், மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

ஒரு வாரம் சென்றபின் சமையலர் மீண்டும் என்னிடம் வந்தார். அடுப்பெரிக்க விறகு இல்லை என்றார். மையத்திற்கு வந்த விறகு பெரும்பாலும் ஈரமாக இருந்ததும், வருகிற வழியில் சுள்ளி பொறுக்கி வந்து அந்த உதவியாளரே அடுப்பை எரிய வைத்திருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. அவர் நேரம் கழித்து வந்ததன் காரணமும் அதுவே. விறகின் நிலையைப் பார்த்து, மேலிடத்துக்கு எழுதியிருக்க வேண்டியவள் நான். என் கடமையில் இருந்த குறையை அவர் தம் தலையில் சுமந்து வந்திருக்கிறார். அதற்காகவே நான் அவரைத் தண்டித்திருக்கிறேன்.

அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். களையெடுக்கப் போயிருந்தார். மாலையில் மறுபடியும் சென்று, தவறு என்னுடையது என்று சொல்லித் திரும்ப அழைத்தேன். "பிள்ளைங்க முன்னாடி சொல்லிட்டீங்களேம்மா" என்ற ஒரே சொல்லோடு அவர் நின்றுவிட்டார். பிறகு அவர் வேலைக்குத் திரும்பவே இல்லை.

இதில் நான் செய்த பிழைகள் மூன்று. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டேன். பலர் முன்னிலையில் கடிந்தேன். இவ்விரண்டையும் விடப் பெரியது மூன்றாவது பிழை. அந்த வழக்கில் நானும் ஒரு கட்சி. அதை உணராமல் நானே நடுவராக அமர்ந்தேன். பணியிடப் பிணக்குகளில் முதலாளிமார் மிகுதியும் வழுவுவது இவ்விடத்தில்தான். இரண்டு வேலையாட்களின் சண்டை என்று நாம் காண்பவற்றுள் பலவற்றின் வேர், நாம் பங்கிட்ட வேலையிலோ, நாம் கொடுக்கும் கூலியிலோ, நாம் வாங்கித் தராத கருவியிலோ இருக்கும்.

அகமதாபாத் தரும் சான்று

முதலாளியே ஒரு கட்சியாக நிற்கும்போது என்ன செய்வது? இதற்கு நம் நாட்டு வரலாற்றில் சிறந்ததொரு சான்று உண்டு.

1917ஆம் ஆண்டு அகமதாபாத் நகரில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருக்கும் பொருட்டு, பஞ்சாலை முதலாளிகள் ஊதியத்தோடு பிளேக் போனஸ் என்ற தொகையைச் சேர்த்துக் கொடுத்தனர். சிலருக்கு அது ஊதியத்தில் 70 விழுக்காட்டையும் எட்டியது. நோய் தணிந்தவுடன் அத்தொகையை நிறுத்த முனைந்தனர். ஆனால் முதல் உலகப்போரினால் ஏறிய விலைவாசி தணியவில்லை. நெசவுப் பிரிவுத் தொழிலாளர் 50 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டனர். 20 விழுக்காட்டுக்கு மேல் இயலாது என்றனர் முதலாளிகள்.

முதலாளிகள் தரப்பில் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். அந்நகரின் பெயர்பெற்ற சமணக் குடும்பத்தவர். தொழிலாளர் தரப்பில் நின்றவர்களுள் ஒருவர் அவருடைய தமக்கை அனசூயா. தம்பியின் ஆலைக்கு எதிராகத் தமக்கை நின்றார். எனினும் உடன்பிறப்பின் அன்பு முறியவில்லை. கருத்தில் மாறுபடுவோரைப் பகைவராகக் கருத வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான காட்டு வேண்டுமோ?

தொழிலாளர்க்கு வழிகாட்டியவர் காந்தியடிகள். அவர் கூலி நிலவரத்தையும் விலைவாசியையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்று முடிவு செய்தார்; தொழிலாளரும் தம் கோரிக்கையை அந்த அளவுக்குக் குறைத்துக் கொண்டனர். முதலில் நடுவர் குழுவுக்கு இரு தரப்பாரும் இசைந்திருந்தனர். ஆனால் சில ஆலைகளில் தொழிலாளர் அவசரப்பட்டு வேலையை நிறுத்தியதைக் காரணம் காட்டி, முதலாளிகள் குழுவிலிருந்து விலகினர். 1918 பிப்ரவரி 22 அன்று ஆலைகள் கதவடைத்தன. 35 விழுக்காடு பெறாமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்று தொழிலாளர் உறுதி பூண்டனர். நாட்கள் செல்லச் செல்லப் பசி அந்த உறுதியைத் தின்னத் தொடங்கியது. மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மார்ச் 18 அன்று உடன்பாடு ஏற்பட்டது. தம் நோன்பு, தம்மை மதித்த முதலாளிகளை நெருக்கியதால் குறையுடையது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த உடன்பாட்டின் அமைப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதல் நாள் வேலைக்கு 35 விழுக்காடு உயர்வு. இதனால் தொழிலாளரின் உறுதிமொழி காக்கப்பட்டது. இரண்டாம் நாளுக்கு 20 விழுக்காடு. இதனால் முதலாளிகளின் சொல் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல், இரண்டுக்கும் நடுவே இருபத்தேழரை விழுக்காடு. நடுவர் தீர்ப்பு வரும்வரை அது நீடிக்கும். நடுவராக இரு தரப்பும் ஏற்றுக்கொண்டவர் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா. சில மாதங்கள் கழித்து அவர் 35 விழுக்காடே தகும் என்று தீர்ப்பளித்தார்.

முதல் இரண்டு நாட்களின் கணக்கில் பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஆனால் இரு தரப்பாரும் தலை நிமிர்ந்து ஆலைக்குள் நுழைய அதுவே வழி செய்தது. பிணக்கில் பணத்தைப் போலவே மானமும் ஒரு பொருள் என்பதை அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அறிந்திருந்தனர். நான் பள்ளியில் மறந்தது இதைத்தான். 1920இல் அகமதாபாத்தில் நூற்பாலைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வழக்குகளை நடுவரிடம் விடும் முறையும் அந்நகரில் வேரூன்றியது.

பிணக்கு நீளுமானால், அது தொடங்கிய இடத்திலேயே நிற்பதில்லை. அதற்குச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. அகமதாபாத் நிகழ்ச்சி நடந்த அதே 1918ஆம் ஆண்டில், ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் அதில் பங்கு கொண்டனர். 1921இல் அங்கே வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குச் செல்ல, ஏனையோர் மறுத்து நிற்க, ஆலைக்கும் தொழிலாளருக்கும் இடையே எழுந்த வழக்கு சாதிப் பகையாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இன்று தீர்க்காமல் விட்ட வழக்கு நாளை எந்த வடிவில் வெளிப்படும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தீர்வு மூவகை

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க அம்மையார் (1868–1933) நிர்வாகவியல் அறிஞர்களுள் முன்னோடி. 1925இல் நிகழ்த்திய உரை ஒன்றில், பிணக்கைத் தீர்க்கும் வழிகளை அவர் மூன்றாகப் பிரித்தார்.

முதலாவது, அடக்குதல். ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். விரைவில் முடியும். ஆனால் தோற்றவர் மனத்தில் கனல் தங்கிவிடும்.

இரண்டாவது, பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்தல். இருவரும் கொஞ்சம் இழப்பர். சண்டை ஓயும், தேவை நிறைவேறாது.

மூன்றாவது, இணைத்தல். இருவரும் கேட்பது என்ன என்பதோடு நில்லாமல், ஏன் கேட்கின்றனர் என்று ஆராய்ந்து, இருவர் தேவையும் நிறைவேறும் புதியதொரு வழியைக் காணுதல். இதற்கு அவர் தம் வாழ்விலிருந்தே எளிய எடுத்துக்காட்டைத் தந்தார். நூலகத்தில் ஒரு சிறிய அறை. அங்கிருந்த ஒருவருக்குச் சாளரம் திறந்திருக்க வேண்டும். அம்மையாருக்கு மூடியிருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது தூய காற்று. அம்மையார் விரும்பாதது தம்மேல் நேரே வீசும் வாடை. ஆள் இல்லாத அடுத்த அறையின் சாளரத்தைத் திறந்தனர். இருவர் குறையும் தீர்ந்தது.

இதை நம் ஊர் நெல் அரைவை ஆலைக்குப் பொருத்திப் பார்ப்போம். நெல் போதிய விரைவில் வந்து சேரவில்லை, சுமைத் தொழிலாளர் சோம்பேறிகள் என்கிறார் இயந்திரம் ஓட்டுபவர். அவர் எங்களை மாடுகளாக நினைக்கிறார் என்கின்றனர் சுமைத் தொழிலாளர். முதலாளி ஒரு தரப்பை அதட்டலாம், அது அடக்குதல். இயந்திரத்தைச் சற்று மெல்ல ஓட்டுங்கள், நீங்கள் சற்று விரைந்து தூக்குங்கள் எனலாம். அது பாதிக்குப் பாதி. அவர் களத்தில் இறங்கி, மூட்டைகளோடு ஒருமுறை நடந்து பார்த்தால் வேறொன்று தெரியும். லாரி வந்து நிற்க வசதி என்று கருதி, மூட்டை அட்டியை ஆலையின் மறு கோடியில் அடுக்கச் சொன்னவர் அவரேதான். அட்டியை இயந்திரத்தின் அருகே மாற்றினால் சண்டைக்கே இடமில்லை. ஈர விறகின் கதையும் இத்தகையதே அன்றோ?

எல்லாப் பிணக்குகளையும் இவ்வாறு இணைத்துத் தீர்க்க முடியாது. பங்கிட ஒன்றே உள்ளபோது ஒருவர் பெறுவார், ஒருவர் இழப்பார். அப்போதும், இழப்பவருக்கு அதன் காரணத்தை நேரில் சொல்லும் கடமை முதலாளிக்கு உண்டு.

கைக்கொள்ள வேண்டிய முறை

முதலாளிமார் நினைவில் கொள்ளத்தக்க படிகளை வரிசையாகத் தருகிறேன்.

1. அன்றே கேளுங்கள், அன்றே தீர்ப்புக் கூறாதீர்கள். கேட்பதைத் தள்ளிப்போட்டால் குறை புளிக்கும். தீர்ப்பில் விரைந்தால் உண்மை தப்பும்.

2. இருவரையும் தனித்தனியே அழைத்து, ஒரே வினாக்களைக் கேளுங்கள். என்ன நடந்தது, எப்போதிலிருந்து நடக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்னும் மூன்று வினாக்கள் போதும். இடையில் குறுக்கிடாதீர்கள்.

3. உங்களையே ஒரு வினா கேளுங்கள். இதில் என் பங்கு என்ன? வேலையைத் தெளிவாகப் பிரித்தேனா? ஒருவருக்குச் சொன்னதையே மற்றவருக்கும் சொன்னேனா? முன்பணமோ விடுப்போ கொடுப்பதில் வேறுபாடு காட்டினேனா? என் உறவினர் என்பதால் எவருக்கேனும் சலுகை தந்தேனா?

4. பின்னர் இருவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசுங்கள். அமர்த்தி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். நாம் நாற்காலியில் அமர்ந்து அவர்களை நிற்க வைத்தால், பேச்சு தொடங்கும் முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

5. செயலைச் சொல்லுங்கள், குணத்தைச் சொல்லாதீர்கள். "நேற்றுக் கடையைப் பத்து மணிக்குத் திறந்தீர்கள்" என்றால் அவர் காரணம் சொல்வார், அல்லது திருந்துவார். "நீங்கள் பொறுப்பற்றவர்" என்றால் அவர் தம் மானத்தைக் காக்கவே வாதாடுவார்.

6. முடிவை ஒரு குறிப்பேட்டில் எழுதி, இருவருக்கும் படித்துக் காட்டுங்கள். பதினைந்து நாட்கள் கழித்து அது நடைமுறையில் உள்ளதா என்று பாருங்கள்.

7. வழக்கு உங்களுக்கும் வேலையாளுக்கும் இடையில் என்றால் நீங்கள் நடுவராகாதீர்கள். இருவரும் மதிக்கும் மூன்றாமவர் ஒருவரைத் தேடுங்கள். அவர் உங்கள் மைத்துனராகவோ கடன் கொடுத்தவராகவோ இருத்தல் ஆகாது. அவர் சொல்லும் முடிவு உங்களுக்கு எதிராக இருந்தாலும் ஏற்பதாக முன்னரே சொல்லிவிடுங்கள்.

8. குறை சொன்னவரைப் பிற்பாடு தண்டிக்காதீர்கள். ஒருவரைத் தண்டித்தால், பத்துப் பேரின் வாய் மூடும். பிறகு உங்களுக்கு எந்தச் செய்தியும் வந்து சேராது.

ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் அநேகாந்தக் கருத்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைச் சொற்பொழிவில் ஒப்புக்கொள்வது எளிது. நம்மிடம் கூலி வாங்குபவர் நம்மை எதிர்த்துப் பேசும் வேளையில் ஒப்புக்கொள்வது அரிது. அந்த அரிய வேளைக்கான பயிற்சியே மேற்கூறிய படிகள்.

சமரசம் பேசக் கூடாத இடம்

எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம் என்று கருதுவதும் தவறு. அடி உதை, திருட்டு, பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஆகியவை பிணக்குகள் அல்ல, குற்றங்கள். "நம் கடைப் பெயர் கெடும்" என்று சொல்லிப் பாதிக்கப்பட்ட பெண்ணை அமைதிப்படுத்தும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அது கொடுமைக்குத் துணை போவதாகும்.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் முதலாளி ஒரு புகார்க் குழுவை அமைத்தல் வேண்டும். அதன் தலைமைப் பொறுப்பு ஒரு பெண்ணுக்கே உரியது. உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து ஒருவரும் இடம்பெற வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் வேலை செய்யும் பெண்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் தாமே கேட்டாலன்றிச் சமரசம் பேசக் கூடாது. அவ்வாறு பேசினாலும் பணம் கொடுத்து முடிப்பதை அதற்கு அடிப்படையாகக் கொள்ளக் கூடாது.

சட்டம் காட்டும் வழி

ஏனைய குறைகளுக்கும் சட்டம் ஒரு வழியை வகுத்துள்ளது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்துக்கு மாற்றாக 2020இல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிலகத்தில் குறைதீர்க்கும் குழு இருத்தல் வேண்டும். முதலாளி தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர். மொத்தம் பத்துப் பேருக்கு மிகக் கூடாது. பெண் தொழிலாளர்க்கு உரிய இடம் வேண்டும். தலைமைப் பதவி ஓராண்டு முதலாளி தரப்பினருக்கு, மறு ஆண்டு தொழிலாளர் தரப்பினருக்கு என்று மாறி மாறி வரும். தொழிலாளர் தரப்பு உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் இசையாத முடிவு செல்லாது.

தலைமைப் பதவி ஏன் மாறி வர வேண்டும் என்று சிலர் வினவலாம். வழக்கில் ஒரு கட்சியாக இருப்பவரே எந்நாளும் நடுவராக இருக்கலாகாது என்ற நெறியே அங்கும் பேசுகிறது. சட்டம் இருபது பேருக்குச் சொல்கிறது. இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் கடைக்கு அதைச் சொல்ல வேண்டியது நம் மனச்சான்று.

முடிவாக

வேலையாள் குறை சொல்லும்போது நம் மனம் முதலில் சுருங்கும். உப்பிட்டவரை மறந்தானே என்று தோன்றும். சற்றுப் பொறுத்து எண்ணிப் பார்த்தால், குறை சொல்பவர் நம்மிடம் இன்னும் நம்பிக்கை வைத்திருப்பவர் என்பது விளங்கும். நம்பிக்கை இழந்தவர் குறை சொல்வதில்லை. அவர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

நான் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அந்த உதவியாளரின் ஒற்றை வாக்கியம் இன்னும் என் காதில் உள்ளது. இளைய தலைமுறை முதலாளிமாரும் இல்லத்தரசியரும், அத்தகைய வாக்கியம் ஒன்றைக் கேட்கும் நிலைக்கு ஆளாகாதிருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

குடும்பத்தோடு அமர்ந்து இவற்றைக் கலந்து பேசலாம்.

1. உங்களிடம் வேலை செய்பவர் கடைசியாக எப்போது உங்களிடம் ஒரு குறையைச் சொன்னார்? அதன்பின் நீங்கள் செய்தது என்ன?

2. அவருடைய குறை உங்களைப் பற்றியதாக இருந்தால், அதைச் சொல்ல அவர் யாரிடம் செல்ல முடியும்?

3. அகமதாபாத் உடன்பாட்டில் முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் வெவ்வேறு உயர்வு வைத்ததன் பயன் யாது?

4. உங்கள் வீட்டிலோ கடையிலோ நடந்த ஒரு பிணக்கை எடுத்துக்கொள்க. அதை அடக்கினீர்களா, பாதிக்குப் பாதி முடித்தீர்களா, இணைத்துத் தீர்த்தீர்களா? இன்று மறுபடியும் அது வந்தால் எவ்வாறு தீர்ப்பீர்கள்?